ஆறாவது பாட்டில் என்ன துணி

எடிட்டர்: சரி, அப்போ மூணாவது பாட்டு?

டிரைவர்: அதுவும்... நல்லா இருக்கும். அமோகமா இருக்கும்.

எடிட்டர்: இருக்கும்னா? இன்னும் கேக்கலையா?

டிரைவர்: கேக்காம இருப்பேனாம்மா? அந்தப் பாடகர் பாட்டுன்னா எனக்கு உசிரு. அவர் போனதுக்கப்புறம், எங்கயோ பெட்டியில கிடந்த கேசட்டையெல்லாம் தேடி எடுத்து, யாரும் கேக்காத பாட்டையெல்லாம் ஒரு ஆல்பமாப் போட்டீங்க பாருங்க... அதை நேர்ல பார்த்துச் சொல்லிட்டுப் போகணும்னுதான்...

எடிட்டர்: மூணாவது பாட்டு எப்படி ஆரம்பிக்கும் சார்? சும்மா முணுமுணுத்தாலும் போதும்.

டிரைவர்: தொண்டை சரியில்லம்மா.

எடிட்டர்: தண்ணி குடிங்க. இந்தாங்க... மொத்தம் எட்டுப் பாட்டு. உங்களுக்குப் பிடிச்சது எதுன்னாவது சொல்லுங்க.

டிரைவர்: ஆறாவது.

எடிட்டர்: அது மட்டும் டக்குனு வந்துடுச்சு.

டிரைவர்: நான் வாழ்நாள் பூரா பஸ் ஓட்டினவன்மா. இப்படி உக்கார வெச்சு கேள்வி கேட்டா லைசென்ஸ் டெஸ்ட் ஞாபகம் வருது.

எடிட்டர்: பஸ்ஸா...

டிரைவர்: ஏன், பார்த்தா தெரியலையா?

எடிட்டர்: தெரியுது. உக்காந்திருக்கிற விதத்துலயே தெரியுது. கால் சும்மா இருக்க மாட்டேங்குதே.

டிரைவர்: ஓட்டறதை விட்டாச்சு. காலுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லல.

எடிட்டர்: சரி சார், ரசிகர்னு சொல்லித்தான் உங்களை மேல விட்டிருக்காங்க. எனக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரு வேலை முடிச்சுக் குடுக்கணும். நிஜமா எதுக்கு வந்தீங்க?

டிரைவர்: அந்த வேலைக்காகத்தான் வந்தேன்.

எடிட்டர்: புரியல.

டிரைவர்: பக்கத்து வீட்டுப் பொண்ணு போன்ல காட்டுச்சு. ஆல்பம் கம்பெனியில போட்டிருக்காங்களாமே... பின்னாடி வர்ற இரைச்சலையெல்லாம் எடுத்துட்டு ஆல்பத்தைப் புதுசா விடப் போறாங்க, பழசு இனிமே கிடைக்காதுன்னு.

எடிட்டர்: ஆமா. நிறைய பேர் குறை சொல்லிட்டாங்க. வீட்ல உக்காந்து சாதா டேப்ல பதிஞ்ச பாட்டு. மற்ற பாட்டுல முடிஞ்ச வரைக்கும் நானே எடுத்துட்டேன். ஆறாவதுல மட்டும் அப்படியே இருக்கு. எங்களைத் தாளிச்சு எடுத்துட்டாங்க.

டிரைவர்: அதை எடுக்காதீங்கம்மா.

எடிட்டர்: எதை?

டிரைவர்: அந்தச் சத்தத்தை. கடகட... கடகடன்னு வருதே, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும்.

எடிட்டர்: இரைச்சலை எடுக்கிறதுதான் சார் என் வேலை. சவுண்ட் எடிட்டர்னு கதவுல போட்டிருக்கே, அதுக்கு அதான் அர்த்தம்.

டிரைவர்: அவர் வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமே. பாட்டு அவங்களோடதுதானே?

எடிட்டர்: அவங்க... உரிமையை எழுதிக் குடுத்துட்டாங்க. இனிமே அவங்க சொல்லி ஒண்ணும் ஆகாது.

டிரைவர்: எல்லாரும் கைகழுவியாச்சு.

எடிட்டர்: அப்படி இல்ல சார். பாட்டு வெளிய வந்தா போதும்னு நினைச்சிருப்பாங்க... அது எதோட சத்தம்னு உங்களுக்குத் தெரியுமா?

டிரைவர்: தையல் மெஷின். கால் மெஷின். எங்க வீட்டு மெஷின்மா. அவர் மேல் வீடு, நாங்க கீழ் வீடு. ஜன்னலுக்கு மேல ஜன்னல். ஓட்டறது எங்க வீட்டம்மா. தெருவுல எல்லாருக்கும் டைலரம்மா. எனக்குக்கூட அப்படிக் கூப்பிட்டுத்தான் பழக்கம்.

எடிட்டர்: அவங்க... எப்படி இருக்காங்க?

டிரைவர்: இல்லம்மா.

எடிட்டர்: ...எப்போ?

டிரைவர்: போன மழைக்காலத்துல. காய்ச்சல்னு படுத்தா. நான் வெந்நீர் வெச்சிட்டுத் திரும்பறேன்... அவ்வளவுதான். என்னம்மா, உங்க கண்ணு ஏன்...

எடிட்டர்: ஒண்ணுமில்ல. நாள் பூரா இந்த ஸ்கிரீனையே பார்த்துட்டு இருந்தா இப்படித்தான். நீங்க சொல்லுங்க.

டிரைவர்: என்னத்தைச் சொல்றது? போட்டோ இருக்கு, புடவை இருக்கு. வீட்ல சத்தம் இல்ல. அவ இருந்த வரைக்கும் மெஷின் நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும். இப்போ முழிச்சபடியே கிடக்கேன். அப்பத்தான் ஒரு நாள் டீக்கடையில இந்தப் பாட்டைப் போட்டான். டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். கடைக்காரன் சர்க்கரை கம்மியான்னு கேக்கறான்.

எடிட்டர்: வெறும் சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சிட்டீங்களா?

டிரைவர்: என் பஸ் தெரு முனையில திரும்பறப்பவே அவ அடுப்பைப் பத்த வெச்சிடுவா. அதே மாதிரிதான். சக்கரம் ஒரு சுத்துக்கு ஒரு தடவை லேசா 'ணக்'குனு இடிக்கும். நான்தான் ஒரு தடவை கழட்டி மாட்டித் தப்பா முடுக்கிட்டேன். "பஸ்ஸுக்குப் பண்ற வைத்தியத்தை எல்லாம் இதுக்குப் பண்ணாதீங்க"ன்னு கத்தினா. அந்த 'ணக்' இந்தப் பாட்டுல இருக்கும்மா.

எடிட்டர்: இருக்கு. எனக்கும் தெரியும்.

டிரைவர்: அதனாலதான் பொய் சொல்லிட்டு வந்தேன். எனக்குப் பாட்டு கீட்டு ஒண்ணும் தெரியாது. ஆறாவதை மட்டும்தான் திரும்பத் திரும்பக் கேப்பேன். அதுலயும் முதல்ல எல்லாம் அந்த ஆளு எப்படா வாயை மூடுவான், மெஷினை ஒழுங்காக் கேக்கலாம்னு இருக்கும்... மன்னிச்சுக்கோங்க.

எடிட்டர்: பரவால்ல, சொல்லுங்க.

டிரைவர்: எங்க வீட்டம்மாவுக்கும் அவரைக் கண்டா ஆகாது. சாயங்காலம் நான் உள்ள நுழையறப்பவே ஆரம்பிப்பா. "மேல அந்த மனுஷன் கத்துற கத்துல ஒரு காஜா ஒழுங்கா எடுக்க முடியல"ன்னு. அவரை ஒரு நாள் மாடிப்படியில பார்த்து நாசூக்கா சொன்னேன். அவர் என்னைத் திருப்பிக் கேக்கறார், "உங்க வீட்டு மெஷினை நிறுத்தச் சொல்லுங்க, என் பாட்டெல்லாம் பாழாப் போகுது"ன்னு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சது இல்ல.

எடிட்டர்: ரெண்டு பேரும் நல்லாத்தான் நடிச்...

டிரைவர்: என்னது?

எடிட்டர்: நல்லாத்தான் சண்டை போட்டிருக்காங்கன்னு சொன்னேன்.

டிரைவர்: சிரிக்காதீங்க. நான் நடுவுல மாட்டிக்கிட்டு முழிச்சேன்.

எடிட்டர்: சார், உங்களுக்கு ஒண்ணு போட்டுக் காட்டறேன். இந்த ஹெட்போனை மாட்டிக்கோங்க. இப்படி... இது நான் சுத்தம் பண்ணி வெச்சிருக்கிற ஆறாவது பாட்டு. சாயங்காலம் அனுப்ப வேண்டியது.

டிரைவர்: வேணாம்மா.

எடிட்டர்: கேளுங்க. எனக்காக.

டிரைவர்: ...

எடிட்டர்: ...

டிரைவர்: என்னம்மா இது? இவர் ஏன் இப்படிப் பாடறார்?

எடிட்டர்: எப்படி?

டிரைவர்: தடுமாறுறாரே. ஒரு இடத்துல இழுக்கறார், ஒரு இடத்துல ஓடறார். ரெண்டாவது சரணத்துல "கரை தெரியுது... காத்திரு"ன்னு சொல்லிட்டு, அம்போன்னு நிக்கறார். யாரோ வர்றதாச் சொல்லிட்டு வராம ஏமாத்தின மாதிரி.

எடிட்டர்: பாட்டு தெரியாதுன்னீங்க?

டிரைவர்: இத்தனை தடவை கேட்டா கல்லுக்கும் தெரியும். பழசுல அந்த "காத்திரு"ல மெஷினும் நிக்கும். ரெண்டும் சேர்ந்து நிக்கும். அப்புறம் மெஷின் மெதுவா ஒரு சுத்து சுத்தும், அவர் அதைப் பிடிச்சுக்கிட்டு ஏறுவார். அங்க எனக்கு... தப்பா நினைக்காதீங்க, அங்க அழுதுடுவேன். இப்போ கொஞ்ச நாளா அந்த மனுஷனுக்காகவும் சேர்த்து அழறேன்.

எடிட்டர்: நானும் இங்க உக்காந்து அதைத்தான் பார்த்துட்டே இருக்கேன். மெஷினை எடுத்தா பாட்டு விழுந்துடுது. அவர் இதே பாட்டைப் பெரிய ஸ்டூடியோவுல போய்ப் பாடிப் பார்த்தார். நல்ல தபேலாக்காரர், நல்ல மைக்கு. வரவே இல்ல. "தாளம் சரியில்ல"ன்னு எல்லாரையும் கடிச்சுக் குதறிட்டு வந்துட்டார். அதனாலதான் எட்டையும் பெட்டியில போட்டு மூடினது.

டிரைவர்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

எடிட்டர்: ...எல்லாம் கேள்விப்பட்டதுதான்.

டிரைவர்: அப்போ அவர் எங்க மெஷினைக் கேட்டுக்கிட்டா பாடினார்?

எடிட்டர்: ஆமா சார்.

டிரைவர்: வேணும்னேவா?

எடிட்டர்: கேட்டா அப்படித்தான் தெரியுது.

டிரைவர்: அட ஆண்டவா... இது தெரிஞ்சிருந்தா அவ அவரை என்ன பண்ணியிருப்பாளோ!

எடிட்டர்: உங்க வீட்டம்மாவுக்குப் பாட்டே பிடிக்காதா?

டிரைவர்: கல்யாணம் ஆன புதுசுல ஏதோ முணுமுணுப்பா. நான் சும்மா இருக்காம, "என் பஸ் ஹாரன் தேவலாம்"னு சொல்லி, டெப்போவுல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சு... எனக்கு இந்த வாய்தான். அப்புறம் என் காதுல பட அவ பாடினதே இல்ல.

எடிட்டர்: ம்.

டிரைவர்: ஒரு சந்தேகம் மட்டும் என்னைப் போட்டுக் குடையுது. அவ அன்னைக்கு என்ன துணி தைச்சிட்டு இருந்தான்னு தெரியல.

எடிட்டர்: சத்தத்துல துணி தெரியுமா?

டிரைவர்: தெரியாம? ஜீன்ஸ்னா முக்கும். போர்வைன்னா தம் கட்டும். ஜாக்கெட் துணின்னா மழை தூறுற மாதிரி இருக்கும். இது எதுலயும் சேரல. அதனால மெஷினை நானே உக்காந்து ஓட்டிப் பார்த்தேன்.

எடிட்டர்: நீங்களா!

டிரைவர்: சிரிக்காதீங்க! பஸ்ஸை ஓட்டின காலு, இது அடங்க மாட்டேங்குது. முன்னால மிதிச்சா சக்கரம் பின்னால போகுது. நூல் எல்லாம் சிக்கல். இருந்தும் விடல. தலையணை உறை, என் காக்கிச் சட்டை, ஜன்னல் திரை, அவளோட பட்டுப்புடவை முந்தானை... எல்லாத்தையும் வெச்சு ஓட்டிட்டேன். எதுலயும் அந்தச் சத்தம் வரல.

எடிட்டர்: துணி வைக்காம ஓட்டிப் பார்த்தீங்களா?

டிரைவர்: சேச்சே! வெறும் மெஷினை ஓட்டக் கூடாதும்மா. ஊசிக்குக் கீழ துணியைத் தள்ளுறதுக்குப் பல்லு இருக்கு. துணி இல்லாம ஓட்டினா பல்லு தேஞ்சு போயிடும். அதுல அவ ரொம்பக் கண்டிப்பு. மாடி வீட்ல ஒரு வாண்டு இருந்துச்சு, முன்னாடி பல்லு ரெண்டும் விழுந்தது. எப்பப் பார்த்தாலும் துணியில கோடு போடற சாக்கட்டியைத் திருட வரும். அது விளையாட்டுக்கு மிதியில காலை வெச்சாக்கூட முதுகுல ஒண்ணு விழும்.

எடிட்டர்: நல்லா விழும்.

டிரைவர்: இன்னொண்ணு. அந்த "காத்திரு"ல மெஷின் நிக்குதே, நூல் அறுந்திருக்கும்னு நினைச்சேன். ஆனா அவ்வளவு சீக்கிரம் யாராலயும் நூல் கோக்க முடியாது. அவளாலயே முடியாது. ஒண்ணுமே புரியலம்மா.

எடிட்டர்: சார், இங்க பாருங்க. இந்த வரியில என்ன இருக்குன்னு தெரியுதா?

டிரைவர்: கண்ணாடி கொண்டு வரல.

எடிட்டர்: நான் படிக்கிறேன். பாட்டு, இசை, அவர் பேரு. ஒலிச் சீரமைப்பு, நான். இதுக்கு நடுவுல ஒரு வரி இப்போ சேர்க்கறேன். இரைச்சல்னா எடுக்கச் சொல்லுவாங்க. வாத்தியம்னு எழுதிட்டா யாரும் கை வைக்க முடியாது.

டிரைவர்: வாத்தியமா?

எடிட்டர்: "தையல் மெஷின் — டைலரம்மா."

டிரைவர்: ...இன்னொரு தடவை படிங்க.

எடிட்டர்: தையல் மெஷின், டைலரம்மா.

டிரைவர்: கம்பெனியில ஒத்துக்குவாங்களா?

எடிட்டர்: சுத்தம் பண்ணினதை அழிச்சிட்டேன். இப்போதான், உங்க எதிர்லதான். அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். வேலையே போனாலும் பரவால்ல.

டிரைவர்: அய்யய்யோ, எனக்காக அப்படியெல்லாம்...

எடிட்டர்: உங்களுக்காக மட்டும் இல்ல.

டிரைவர்: என்னம்மா சொல்றதுன்னு தெரியல. கும்பிடறேன்... நான் வரேன். உங்களுக்கு வேலை இருக்கும்.

எடிட்டர்: படி பார்த்து இறங்குங்க.

டிரைவர்: கடைசியா ஒண்ணு கேக்கவா? உங்களுக்குப் பழகின காது. அது என்ன துணியா இருக்கும்னு உங்களுக்காவது...

எடிட்டர்: தெரியும். ஆனா உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு ஒருத்தங்களுக்கு சத்தியம் பண்ணியிருந்தேன்.

டிரைவர்: என்கிட்டயா? யாருக்கு?

எடிட்டர்: சொன்னா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பீங்கன்னு பயந்தாங்க. சிரிக்க மாட்டீங்கல்ல மாமா?

டிரைவர்: மாமாவா... யாரும்மா நீ?

எடிட்டர்: சாக்கட்டியைத் திருடல மாமா, அத்தையே குடுப்பாங்க, வாயை மூடிக்கிட்டு இருக்கறதுக்கு. அப்பா பாட உக்காந்ததும் என்னைத்தான் கீழ அனுப்புவார், "அத்தையை ஆரம்பிக்கச் சொல்லு"ன்னு. அத்தை உடனே ஊசியில இருந்து நூலை எடுத்துட்டு, தைச்சுக்கிட்டு இருந்ததை உருவி மடியில போட்டுக்குவாங்க. துணியே கிடையாது மாமா. பாட்டு முடியற வரைக்கும் வெறும் மெஷினைத்தான் மிதிச்சாங்க.