அனுசுயா பேர்ல ஒரு அக்கவுண்டு

கஸ்தூரி: அண்ணி, கொஞ்சம் நிமிந்து உக்காரு. மூஞ்சி பாதிதான் தெரியுது.

அனுசுயா: ஜெர்மனிலேர்ந்து ஒருத்தி வீடியோ கால்ல என்னை பாக்கப் போறா கஸ்தூரி. பொட்டு சரியா கீதா?

கஸ்தூரி: அவ இன்னா பொண்ணு பாக்கவா வர்றா? பேங்க் அக்கவுண்டு தொறக்க வர்றா. பாஸ்போர்ட்ட கையில எடு.

அனுசுயா: எடுத்துட்டேன். கதவு?

கஸ்தூரி: பூட்டியாச்சு. மெட்ரோ வேலை நடக்குற சத்தத்துல பூந்தமல்லியே காது கேக்காம கீது, உன் பேச்ச எவன் கேக்கப்போறான்?

அனுசுயா: உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா...

கஸ்தூரி: இன்னா தெரியும்? மருமக ஜெர்மனிக்கு நர்சு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி நாத்தனார் ஊட்டுக்கு வந்துகிறா. அவ்ளோதான்.

அனுசுயா: உங்கண்ணனுக்கு?

கஸ்தூரி: ...அவரு கம்பெனி வேன ஓட்டிகினு இருப்பாரு. நீ போனப் பாரு.

அனுசுயா: மனசு அடிச்சுக்குது கஸ்தூரி. பன்னெண்டு வருஷத்துல அவராண்ட ஒன்னுகூட மறைச்சதில்ல.

கஸ்தூரி: மறைக்க உன்கிட்ட இன்னா இருந்துச்சு? ஆவடி ஆஸ்பத்திரில நர்சு வேலை பாத்தது நீ. ஏடிஎம் கார்டு எங்கண்ணன் சட்டப் பாக்கெட்ல.

அனுசுயா: அவரு தனக்குன்னு ஒரு பைசா எடுக்கலப்பா.

கஸ்தூரி: அது தெரியாதா? எல்லாம் எங்க பெரியண்ணன் பூபாலனுக்கு. அவரு 'டில்லி'ன்னு ஒரு தபா கொரல் குடுத்தா போதும்... இவரு கார்ட நீட்டிடுவாரு.

அனுசுயா: அதனாலதான் நீ பேங்க் லிங்க் குடுத்தப்ப ஒத்துகினேன். எனக்காக இல்ல. தீபிகாவ ரெண்டு வருஷத்துல அங்க கூட்டிக்கணும், படிக்க வைக்கணும். இந்தச் சம்பளமும் அந்தப் பாக்கெட்டுக்கே போச்சுன்னா, பெத்த புள்ளைய வுட்டுட்டு நான் எதுக்கு அவ்ளோ தூரம்...

கஸ்தூரி: வந்துட்டா! வந்துட்டா! பச்சைய அழுத்து!

அனுசுயா: குட்டன் டாக்!... யா... யா...

கஸ்தூரி: இன்னா சொல்றா?

அனுசுயா: ஷ்ஷ்... என்னை 'ஃப்ராவ் டில்லிபாபு'ன்றா, திருமதி டில்லிபாபுன்னு! பாஸ்போர்ட்ல என் பேருக்குப் பின்னாடி அவரு பேரு கீதில்ல?

கஸ்தூரி: போச்சுடா. அண்ணனுக்குத் தெரியாம தொறக்குற அக்கவுண்டுல அண்ணன் பேரா!

அனுசுயா: சிரிக்காத, எனக்கும் வருது... யா, யா... பாஸ்போர்ட்ட சாய்ச்சுக் காட்டணுமாம்... இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்... கஸ்தூரி! என் போனுக்கு ஆறு நம்பர் அனுப்பிகிறாளாம். அத சொல்லிட்டா வேலை முடிஞ்சுது!

கஸ்தூரி: சொல்லு, சொல்லு!

அனுசுயா: வரலியே...

கஸ்தூரி: சிக்னல் இல்லியா?

அனுசுயா: ஃபுல்லா கீது... கஸ்தூரி...

கஸ்தூரி: இன்னா அண்ணி?

அனுசுயா: ஃபாரத்துல நான் எந்த நம்பர் போட்டேன்?

கஸ்தூரி: உன் நம்பர்தான... ஐயோ, அண்ணி!

அனுசுயா: கை தன்னால போட்டுடுச்சு! ரேஷன் கார்டு, கேஸு, தீபிகா ஸ்கூலு... எல்லாத்துக்கும் அவரு நம்பர்தான குடுப்பேன். அந்தப் பழக்கத்துல...

கஸ்தூரி: அவ இன்னா பண்றா?

அனுசுயா: அஞ்சு நிமிஷம் டைம்னா. வுட்டா மறுபடி அடுத்த வாரந்தானாம். நாளைக்குள்ள அக்கவுண்டு நம்பர் தரலன்னா, சம்பளத்த இங்க இருக்குற அக்கவுண்டுக்கே போட்டுடுவோம்னு அந்த ஜெர்மன் ஆஸ்பத்திரி ஆபீஸ்ல கறாரா சொல்ட்டாங்க கஸ்தூரி!

கஸ்தூரி: அவ காதுல வுழாம மைக்க அமுக்கு. இந்தா, என் போனு. அண்ணனுக்குப் போடு. பார்சலுக்கு வந்த நம்பர்னு சொல்லு.

அனுசுயா: ...ஏங்க... சாப்ட்டீங்களா?

டில்லிபாபு: ஆச்சு. செம்பரம்பாக்கத்தாண்ட வண்டிய ஓரங்கட்டிகினு கீறேன். சொல்லு அனு.

அனுசுயா: உங்க போனுக்கு மெசேஜ் ஏதாச்சும்... ஆறு நம்பர்... ஒன்னுமில்ல, சுடிதாரு ஆர்டர் போட்டேன்.

டில்லிபாபு: சுடிதாரா?

அனுசுயா: இல்ல... ஸ்வெட்டரு. அங்க குளுருமில்ல?

டில்லிபாபு: இப்பதான் சுடிதாருன்ன.

கஸ்தூரி: சுடிதாருக்கு மேல போடுற ஸ்வெட்டருண்ணே!

டில்லிபாபு: ஓ... அப்டியா? சரி, எழுதிக்கோ. நாலு, ஒன்னு, ஒன்னு, ஏழு, சைபர், ஒம்போது.

அனுசுயா: இருங்க, வச்சிடாதீங்க... யா! ஃபியர், ஐன்ஸ், ஐன்ஸ், ஸீபன், நுல், நொயின்!... கஸ்தூரி, சிரிக்கிறாடி! கை காட்றா! முடிஞ்சுதாம்! அக்கவுண்டு நம்பரே வந்துடுச்சு!

கஸ்தூரி: அண்ணி! ஏய், இதுக்குப் போய் யாராச்சும் அழுவாங்களா...

டில்லிபாபு: இன்னா, ஸ்வெட்டரு கெடச்சுதா?

அனுசுயா: ...கெடச்சுதுங்க.

டில்லிபாபு: அளவு சரியா கீதா பாத்துக்கோ. அப்புறம், மொத வேலையா என் நம்பர எடுத்துட்டு உன் நம்பரப் போடு. இன்னிக்கே.

அனுசுயா: ...ஏங்க, அந்த மெசேஜ்ல பேங்க்னு போட்டிருந்துச்சா?

டில்லிபாபு: எனக்கு இன்னா ஜெர்மன் பாஷையா தெரியும்?

அனுசுயா: மன்னிச்சிடுங்க. உங்களுக்குத் தெரியாம நான்...

கஸ்தூரி: அண்ணே, அழுவுறாங்க பாரு. நீ சொல்றியா, நான் சொல்லட்டா?

அனுசுயா: இன்னா சொல்லணும்? ஏங்க... இன்னாங்க?

டில்லிபாபு: அந்த பேங்க் லிங்க்க கஸ்தூரிக்கு அனுப்புனதே நான்தான் அனு. எங்கண்ணன் வந்து நின்னா, இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது... 'தெரியாதுண்ணே'ன்னாச்சும் சொல்லிக்கலாம்னு நானே ஒதுங்கிகினு கீறேன், நீ இன்னாடான்னா என் நம்பரையே போட்டு வச்சிகிற!