பௌர்ணமி வாரத்துக் கணக்கெடுப்பு

— தே பாரும்மா தேவிப்ரியா, மூணு மாசமா ‘வேலை இல்ல’ன்னுதானே எழுதினு போன? இந்தத் தபாவும் அதையே எழுதிக்கோ. காபி ஆறுது பாரு.

— அப்படி எழுத முடியாதும்மா. ஒரே வீட்டுக்கு நாலு மாசம் வரணும், ஒவ்வொரு தடவையும் புதுசா கேக்கணும். இதான் கடைசி. உங்க பையன் எங்க?

— டேய் கலையரசா! வேலைக் கணக்கெடுக்கற பொண்ணு வந்துகீது, வாடா.

— வணக்கம் மேடம். எப்பவும் அமாவாசை கிட்டதான் வருவீங்க. இப்ப பௌர்ணமி முடிஞ்ச மறுநாளே வந்துட்டீங்க?

— அது... இந்தத் தபா தெரு வரிசைய மாத்திக் குடுத்துட்டாங்க. சொல்லுங்க, போன ஏழு நாள்ல ஒரு மணி நேரமாவது சம்பாதிக்கற மாதிரி எதுனா வேலை பார்த்தீங்களா?

— இவன் இன்னாத்த பார்த்தான்? இன்ஜினியரிங் முடிச்சு ஆறு வருசமா வீட்லதான் குந்தினுகீறான். போன மாசம் உன் ஸ்கூட்டி பஞ்சரானப்போ வேங்கிக்கால் வரைக்கும் தள்ளினு வந்தானே, அதான் அவன் பண்ண வேலை. பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்கோ, ‘பையன் எங்க வேலை செய்யறான்’னு ஒத்த கேள்வி கேக்கறாங்கோ, எழுந்து போய்டறாங்கோ. தையிலேர்ந்து ரெண்டு சம்பந்தம் போச்சு. எனக்குத் தூக்கமே இல்லம்மா.

— அம்மா, என்னைத்தான் கேக்கறாங்க. பௌர்ணமிக்கு நம்ம காலி மனையில கிரிவலம் வர்றவங்க வண்டிய நிறுத்தினேன் மேடம். டோக்கன் போட்டு.

— எத்தனை மணி நேரம்?

— சாயந்தரம் நாலுலேர்ந்து காலைல எட்டு வரைக்கும்.

— பதினாறு மணி நேரம்! அப்ப நீங்க வேலையில இருக்கீங்க.

— ஐய, இன்னாம்மா நீ! மாசத்துல ஒரு நாள் வண்டிக்குக் காவல் நின்னா உத்தியோகமா? அப்படிப் பார்த்தா பௌர்ணமியன்னிக்கு இந்த ஊர்ல சும்மா இருக்கறவன் எவன்? ஒருத்தன் தண்ணி பாட்டில் விக்கறான், ஒருத்தன் சுக்கு காபி போடறான், ஒருத்தன் செருப்புக்குக் காவல். மறுநாள் பாரு, அத்தினி பேரும் டீக்கடை பெஞ்சுல.

— ஒரு மணி நேரம் போதும்மா. ரூல் அப்படித்தான்.

— எனக்கே கூச்சமா இருக்குது மேடம். இல்லன்னே போட்டுக்கோங்க.

— எதுக்குக் கூச்சம்? எத்தனை வண்டி வந்துது?

— முந்நூத்துப் பத்து. ஒண்ணுலகூட கீறல் இல்ல. ஒருத்தர் சாவிய வண்டியிலயே விட்டுட்டுப் போய்ட்டாரு. அவர் சுத்திட்டு வர்ற வரைக்கும் அது மேலயே உக்காந்திருந்தேன்.

— டேப்லட்ல எழுதிட்டேன். ‘வேலையில் இருக்கிறார்.’ இனிமே மாத்த முடியாது.

— நல்லா எழுதினே போ. வரப்போற சம்பந்திக்கு யார் சொல்றது இத?

— குடிப்பழக்கம் எதுனா?

— எனக்கா? இல்லீங்க.

— கோவம்?

— அம்மாவ விட கம்மி.

— டேய்! ஏம்மா, கவர்மெண்ட்டுக்கு இதெல்லாம் கூடவா வேணும்?

— கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் கேக்க வேண்டியிருக்கும்மா. நட்சத்திரம்?

— அஸ்தம். இரு, இரு. அந்த டேப்லட்ட அப்பவே மூடிட்டியே. இப்ப எதுல எழுதற?

— கையிலம்மா.

— உள்ளங்கையிலயா? டேய் கலையரசா, நீ ஏண்டா சுவத்தப் பார்த்து சிரிக்கற? இன்னாம்மா நடக்குது என் வீட்ல?

— ஞாயித்துக்கிழமை எங்கப்பாவ கூட்டிட்டு வரேன்மா. ‘பையன் வேலையில இருக்கானா’ன்னுதான் மொதல்ல கேப்பாரு. அவர்கிட்ட பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல.