முன்பக்கம் சரிந்த நாற்காலி

அவன் – அதுல உக்காராத. இந்தப் பக்கம் வா, சுவரோரமா.

அவள் – ரெண்டும் ஒரே நாற்காலிதானே. வீட்டுச் சாவியக் குடுத்துட்டுக் கிளம்பப் போறவ எதுல உக்காந்தா என்ன?

அவன் – அந்தப் பக்கம் ஏசி மூஞ்சில அடிக்கும்.

அவள் – நீங்க அடிக்க வெச்ச ஏசிதானே.

அவன் – நான் வெக்கல. அது வேற டிபார்ட்மென்ட். இந்தக் கம்பெனில நான் நாற்காலி, மேசை மட்டும்தான்.

அவள் – ஆமா, ரொம்ப முக்கியமான வித்தியாசம்... சரி, உக்காந்துட்டேன். போதுமா?

அவன் – போதும். பர்கரும் வறுவலும் வாங்கி வெச்சுட்டேன். கூல்டிரிங்க்ஸ் பெரிய கப்.

அவள் – பெரிய கப்ப யாரு கேட்டா?

அவன் – சின்னதுக்கும் பெருசுக்கும் விலைல பெரிய வித்தியாசம் இல்ல. எல்லாரும் பெருசுதான் வாங்குவாங்க.

அவள் – அது யாரு யோசனை?

அவன் – அதுவும் வேற டிபார்ட்மென்ட்.

அவள் – இந்தப் பாட்டு எதுக்கு இப்படி நாய் துரத்தற மாதிரி ஓடுது?

அவன் – கூட்ட நேரத்துல வேகமான பாட்டுதான் போடுவாங்க. ஜனங்க வேகமா மெல்லுவாங்க... அது வந்து...

அவள் – வேற டிபார்ட்மென்ட். உங்க கம்பெனில எந்தப் பாவத்துக்கும் ஆள் சிக்க மாட்டான். எல்லாமே பக்கத்து ரூம்காரன் பண்ணினது.

அவன் – ...என்ன பை இது, இவ்ளோ பெருசா? குடு, இப்படி வெக்கறேன்.

அவள் – கீழயே இருக்கட்டும். பழைய துணி, ஒருத்தருக்குக் குடுக்கணும். தொடாதீங்க.

அவன் – தொடல. பேசறதுக்கு வேற இடமே கிடைக்கலையா உனக்கு? பூங்கா இருக்கு, அமைதியா...

அவள் – பூங்கால உக்காந்தா பேச்சு நீளும். இங்கன்னா இருபது நிமிஷத்துல நாற்காலியே பிடிச்சுத் தள்ளிடும். அதான் இங்க வரச் சொன்னேன்.

அவன் – ம்... அக்கா வீட்டுல எல்லாம் வசதியா இருக்கா?

அவள் – இருக்கு. அவ பசங்க ரெண்டும் சாப்பிடறதத்தான் பாக்க முடியல. தட்டக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே முழுங்குதுங்க. உக்காருங்கடான்னா, "போ சித்தி, கடையில இப்படித்தான் சாப்பிடுவோம்"ங்குதுங்க. பள்ளிக்கூட வாசல்லயே கடையத் தொறந்து வெச்சிருக்கீங்களே.

அவன் – எங்க கடைல நாற்காலி இருக்கே.

அவள் – இருக்கு. வழுக்குது. அதுக்கு நிக்கறதே மேல்னு புள்ளைங்களுக்கே புரிஞ்சிடுச்சு.

அவன் – நீ ஒரு பக்கத்தத்தான் பாக்கற. இந்த இடத்துக்கு வாடகை என்னன்னு தெரியுமா? ஒருத்தன் எழுந்தாத்தான் அடுத்தவனுக்கு இடம். மேசை காலியாகிட்டே இருந்தாத்தான் இந்த விலைக்குக் குடுக்க முடியும். கையில காசு இல்லாதவன்கூட ஏசில உக்காந்து சாப்பிடறான்ல?

அவள் – உக்காந்தா?

அவன் – ...சாப்பிடறான்ல.

அவள் – எதிர்ல ஒருத்தர் மெஸ் வெச்சிருந்தாரே... அங்க ஆளுங்க பேப்பர் படிச்சு, அரசியல் பேசி, மறுபடி ஒரு காபி சொல்லி...

அவன் – அதனாலதான் மூடினார்.

அவள் – இப்ப என்ன பண்றார்?

அவன் – இங்கதான், உள்ள. வறுவல் போடறார்.

அவள் – நின்னுக்கிட்டேதானே?

பணிப்பெண் – எக்ஸ்கியூஸ் மீ மேடம், மேசை துடைக்கலாமா?

அவள் – இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கலம்மா.

பணிப்பெண் – சரிங்க மேடம்... அப்புறமா வரேன்.

அவள் – சுத்தமா இருக்கற மேசைய எதுக்குத் துடைக்கறா?

அவன் – ரூல் அது. ரொம்ப நேரம் உக்காந்திருந்தா துணியோட வந்து நிக்கணும்.

அவள் – இது எந்த டிபார்ட்மென்ட்?

அவன் – ...இது நான்தான்.

அவள் – அப்பாடா. ஒண்ணாவது ஒத்துக்கிட்டீங்க.

அவன் – கிண்டல் பண்ணிட்டே இரு.

அவள் – கல்யாணமான புதுசுல உங்க கடை ஒண்ணுக்கு என்னைக் கூட்டிட்டுப் போனீங்க, ஞாபகம் இருக்கா? எல்லாரும் பாக்கப் பாக்க நாற்காலியக் கவுத்துப் போட்டு, முன்கால் எவ்ளோ குட்டையா இருக்கு பாரு, உக்காந்தவன் வழுக்கிட்டுச் சீக்கிரம் எழுந்து போயிடுவான்னு காட்டினீங்க. விரல வெச்சு அளந்து பாருன்னீங்க.

அவன் – நீகூடச் சிரிச்ச.

அவள் – சிரிச்சேன். எவ்ளோ கெட்டிக்காரர்னு பெருமையா இருந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, உங்களுக்கு நம்ம வீட்டு நாற்காலியும் அப்படித்தான்னு. சேர்ந்தாப்ல இருபது நிமிஷம் என் பக்கத்துல உக்காந்ததுண்டா நீங்க? எங்கப்பா போன அன்னிக்குக்கூட... உக்காந்தீங்க, எழுந்தீங்க, போன் பேசினீங்க, வாசலுக்குப் போனீங்க, வந்தீங்க.

அவன் – என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல.

அவள் – பேசவா சொன்னேன்? உக்காரத்தானே சொன்னேன். அன்னிக்கு விட்டுப்போச்சு எனக்கு. சும்மா சொல்லக்கூடாது, அன்னிக்குத்தான்.

அவன் – ஒண்ணு கேக்கவா? வீட்ட விட்டுப் போறப்ப நகைய விட்டுட்டுப் போன. பாத்திரம் பண்டம் எதையும் தொடல. சாப்பாட்டு மேசை நாற்காலி மெத்தை ரெண்ட மட்டும் எதுக்கு எடுத்துட்டுப் போன?

அவள் – நான் தெச்சது.

அவன் – அதுக்கு?

அவள் – தூக்கிப் போட்டுட்டேன். வெறும் கட்டைல உக்காருங்க. சீக்கிரம் எழுந்து ஓட வசதி.

அவன் – நான் அந்த மேசைல உக்கார்றதே இல்ல இப்பல்லாம்.

அவள் – எப்ப உக்காந்தீங்க? ...சரி, நேரமாகுது. ஆஸ்பத்திரில என் முதுகுவலிக்காரங்க காத்திருப்பாங்க. நாளைக்கு வக்கீல் ஆபீஸ், கையெழுத்துப் போட வந்துடுவீங்கல்ல?

அவன் – நீ வருவியா?

அவள் – வராம? இந்தாங்க சாவி.

அவன் – இருக்கட்டும். வறுவல் ஆறிடும், ரெண்டு வாய் எடு.

அவள் – கையில வாங்கிக்கங்க.

அவன் – வை, வாங்கிக்கறேன்.

அவள் – எதுக்கு இப்படி நெளியறீங்க?

அவன் – வழுக்குது.

அவள் – தன் வினை தன்னைச் சுடும்னு சும்மாவா சொன்னாங்க. காலைத் தரைல முட்டுக் குடுத்து... வேர்க்குது பாருங்க, இந்த ஏசில. எழுந்துருங்களேன்.

அவன் – மாட்டேன்.

அவள் – ஏன்?

அவன் – இன்னிக்கு எழுந்திரிக்கறதா இல்ல.

பணிப்பெண் – சார், ஒரு நிமிஷம்...

அவன் – துடைக்க வேணாம்மா.

பணிப்பெண் – துடைக்க இல்ல சார். மேனேஜர் கேக்கறாரு. காலைல வந்து ஒரு நாற்காலிக்கு முன்கால்ல கட்டை ஒட்டினீங்கல்ல, அது எதுன்னு. மேலிடத்துலேர்ந்து ஆள் வர்றாங்களாம், அதுக்குள்ள உள்ள தூக்கி வெக்கணுமாம்.

அவன் – அப்புறமா சொல்றேன்.

பணிப்பெண் – மேடம் உக்காந்திருக்கறதா சார்?

அவன் – ...நீ போம்மா.

அவள் – இந்த நாற்காலிக்கா ஒட்டினீங்க?

அவன் – அது வந்து... இந்த நாற்காலி ஆடிட்டு இருந்துச்சு...

அவள் – பொய் சொல்லாதீங்க. எத்தன மணிக்கு வந்தீங்க?

அவன் – கடை திறக்கறதுக்கு முன்னாடி. பசை காயணும்ல.

அவள் – எனக்கு மட்டுமா? உங்களோடதுக்கு ஒட்டிக்கலையா?

அவன் – உனக்கு வழுக்கக்கூடாதுன்னு ஒட்டினேன். எனக்கு வழுக்கட்டும்னு விட்டுட்டேன். வழுக்கினாலும் உக்காந்திருப்பேன்னு... நீ ஒரு தடவையாவது பாக்கணும்ல.

அவள் – தினம் ஊர்ல இருக்கற இடுப்பையும் முதுகையும் பிடிச்சு நிமித்தற பிசியோதெரபி பொழப்பு என்னது. உக்காந்ததுமே தெரிஞ்சுது எனக்கு, இது சமமா இருக்குன்னு.

அவன் – அப்பவே ஏன் சொல்லல?

அவள் – எவ்ளோ நேரம் தாக்குப் பிடிக்கறீங்கன்னு பாத்தேன்.

அவன் – ...சாவிய?

அவள் – சாவி கிடக்கட்டும். குனிஞ்சு அந்தப் பையத் திறங்க.

அவன் – பழைய துணின்ன? யாருக்கோ குடுக்கணும்னு...

அவள் – பழைய துணிதான். நம்ம சாப்பாட்டு நாற்காலி மெத்தை ரெண்டும். இருபது நிமிஷம்னதெல்லாம் சும்மா. நிதானமா உக்காந்து பேசலாம், ஆளுக்கு ஒண்ணுன்னு எடுத்துட்டு வந்தேன். எனக்குத்தான் கட்டை ஒட்டிட்டீங்களே... ரெண்டையும் முன்பக்கமா போட்டு நீங்களே உக்காருங்க.