கோஸ் பாத்தியில் கல்யாண விளக்கு

"...திருடுறவன் தூக்கிட்டாவது போவான் தம்பி. திங்கத்தானே போறான்னு விட்டுடலாம். இவன் என் கோஸ் நாத்தைச் சவரக்கத்தி போட்ட மாதிரி அடியில அறுத்து, அங்கனையே போட்டுட்டுப் போறான். வயித்தெரிச்சல், வேறென்ன."

ஆற்றின் அக்கரை டாலாவிலிருந்து ரங்கூன் கரைக்குப் போகும் சம்பான் படகில் தைலம்மாள் ஏறும்போதே பேசிக்கொண்டுதான் ஏறினாள். எதிரே செல்லக்கண்ணு. அரிசி மில் வேலைக்காரன். போன வாரம்தான் அவள் தோட்டத்துக்குப் பின்னால் குடிவந்தவன்.

"யாருங்கிறியா? பக்கத்துத் தோட்டத்து சுலைமான்தான், வேற எவன். கையும் களவுமாப் பிடிக்கணும்னு, கல்யாண வீட்டுல வெப்பாங்களே காஸ் விளக்கு, அதைக் கொண்டாந்து பாத்தி நடுவுல கம்பு நட்டுக் கட்டினேன். விடிய விடிய எரியுது. டாலாவுல உள்ள பூச்சியெல்லாம் என் தோட்டத்துக்குத்தான் விருந்துக்கு வருது. சாம்பல் அப்பின மாதிரி அந்துப்பூச்சி... ச்சீ, ஒரு அழகும் இல்ல. ஆனா பாரு, விளக்கு வெச்சப்புறம்தான் பாத்தி பாத்தியா அறுபடுது. எவ்வளவு கொழுப்பு அவனுக்கு.

'அக்கா, விளக்கை எடுத்துருங்க, எல்லாம் அந்தப் பூச்சியாலதான்'ங்கிறான். நான் ஒண்ணைப் பிடிச்சு வாயைப் பாத்தேன். பல்லே இல்ல. நூலாட்டம் ஏதோ சுருண்டு கெடக்கு. கேட்டா, பூச்சி அறுக்காதாம், முட்டை வெச்சுட்டுப் போயிடுமாம், அதுல வர்ற புழு அறுக்குமாம். ஆத்தா பறக்குறாளாம், புள்ளை அறுக்குறானாம். கதை எப்படி?

மண்ணைக் கிளறிக் காட்டினான். இருந்துச்சு, இல்லேங்கல. தூருக்குத் தூரு கொழுகொழுன்னு கறுப்பா ஒண்ணு. தொட்டா வளையமாச் சுருண்டுக்குது. பகல் பூரா தூங்குது. இந்தச் சோம்பேறியா அறுக்கும்? 'ராத்திரிதான் எந்திரிக்கும்'ங்கிறான். அது இவனுக்கு எப்படித் தெரியும், சொல்லு. ராத்திரி எந்திரிக்கிறவனுக்குத்தானே தெரியும். நான் பாவம்னு புழு மேல மண்ணைத் தள்ளி மூடிட்டேன்.

விளக்கை எடுன்னு எவன் சொல்லுவான் தம்பி? அது ஒண்ணு போதாதா? நேரா மொகல் தெருவுக்குத்தான் போறேன். அவன் தோட்டத்து நிலம் அங்க இருக்கிற பெத்தபெருமாள் செட்டியாரோடது. இன்னைக்கே சுலைமானைக் கெளப்பி விடச் சொல்றேன். அவன் பொண்டாட்டி பல்கீஸ் கைப்புள்ளையோட தெருவுல நிக்கட்டும், எனக்கென்ன. ஆனா செட்டியார் சாட்சி கேப்பாரு. நீ வந்து, 'கத்தியோட பாத்தேன்'னு ஒரு வார்த்தை சொல்லு. பாக்கலையா? அதனால என்ன, முழிச்சிருந்தா பாத்திருப்பேல்ல."

சம்பான் கரையில் முட்டுமுன் செல்லக்கண்ணு குதித்துவிட்டான். தைலம்மாள் சேலையைத் தூக்கிச் செருகி, படகுக்காரன் கையைப் பிடித்து இறங்கி நிமிர்ந்தபோது, டாலாவுக்குத் திரும்பும் இன்னொரு சம்பானில் அவன் முதுகு தெரிந்தது. சாட்சியில்லாமல் செட்டியார் முன்னால் போய் நிற்க முடியுமா? அவள் அங்கேயே நின்றாள்.

"ஓகோ," என்றாள் படகுக்காரனிடம், "இவனும் அவனும் கூட்டா. அப்ப ஒரு விளக்கு பத்தாது."