ராப் பாட்டில் ஒரு பெயர்

நேற்று மாலை கோவில்பட்டியில் எட்டயபுரம் பஸ் ஏறினேன். முன் இருக்கையில், தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடித்து வந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஏட்டி, ஒம் மகன் கோயில் கொடையில பாடுனது பாட்டா? யாரையோ வையுத மாதிரில்லா இருந்துச்சு.”

“அதுக்கு ராப்புன்னு பேராம்க்கா. ஆபீஸ் தீயில என் மூத்தவ செல்வி செத்ததைத்தான் மூச்சு விடாம சொல்லுதான்.”

“மொதலாளி காதுக்குப் போயிருக்குமே.”

“ஆள் அனுப்பிச் சொல்லிட்டாவ. பாட்டுல இருந்து பேரை எடுக்கணுமாம்.”

“அவிய பேரையா?”

“அவிய பேரு அதுல எங்க இருக்கு? செல்வி பேரை. அன்னைக்கு அவ வேலைக்கே வரலைன்னுல்லா போலீசுல சொல்லியிருக்காவ.”

பஸ் சிறிது தூரம் போயிற்று.

“மகன் என்ன சொல்லுதான்?”

“நாந்தான், ‘எலே, பேரை எடுத்துரு’ன்னு சொல்லிட்டேன்க்கா. சின்னவளும் அதே ஆபீஸ்லதான குச்சி அடுக்குதா.”