கடைசிக் கழுவல்

கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார், கண்ணு. உள்ளே பிள்ளை தூங்குகிறாள். நீ விசாரணை என்று எழுதிக்கொள். எனக்கு இது கதை. ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

தங்கை செத்த பிறகு அவள் மகளை வளர்த்தவள் நான். ஆராய்ச்சிக்கூடத்தில் பாக்டீரியாவைக் கழுவிக் கொடுப்பது என் வேலை. படித்து முடித்து அவளும் அங்கேயே வந்து சேர்ந்தாள். பாக்டீரியாவை மருந்து சுரக்க வைக்க வேண்டும், அதற்கு ஒரு மரபணுவை அதன் உடம்புக்குள் நுழைக்க வேண்டும். சில்லென்ற தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, இம்மியும் உப்பில்லாமல் எடுத்து, கண் இமைக்கும் நேரம் மின்சாரம் பாய்ச்சுவார்கள். அதன் தோலில் சின்னச் சின்ன ஓட்டைகள் திறக்கும். மரபணு உள்ளே போய்விடும். உப்பு தங்கியிருந்தால் ‘டப்’பென்று பொறி பறக்கும், எல்லாம் செத்துவிடும்.

அது அவள் கையில் பலித்தால் கடலுக்கு அப்பால் ஒரு பெரிய கூடத்தில் அவளுக்கு இடம். அந்தச் சேதி வந்த அன்று அவள் கால் தரையில் பாவவில்லை.

“நான் போயிட்டா நீ என்ன பண்ணுவே பெரியம்மா?”

“நிம்மதியாத் தூங்குவேன், போடி.”

இருவரும் சிரித்தோம். அடுத்த முறை கடைசிக் கழுவலுக்கு எடுத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன்.

டப்.

தன் கைத்தவறு என்றுதான் நினைத்தாள். மரபணுக் கரைசலைப் புதிதாகச் சுத்தம் செய்து எடுத்துவந்தாள். மறுபடியும் டப். மாதக்கணக்கில் அப்படியே போயிற்று. கூடத்தில் அவளுக்குப் ‘பட்டாசு’ என்று பெயர் விழுந்தது. “பட்டாசு வருது, காதைப் பொத்திக்கங்கப்பா.” நானும் சிரித்தேன். நான் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “கழுவும்போது உப்பு ஏதாவது தங்கிடுதோ பெரியம்மா?”

“பக்கத்துலயே நின்னு பாருடா.”

அவள் கண் முன்னாலேயே கழுவினேன். குடுவையில் இருந்த தண்ணீரை அவள் சந்தேகப்படவில்லை. அதுவும் வெடித்தது. என்னைச் சந்தேகப்பட்டதற்காக என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துவிட்டேன்.

கடைசியில் வேலையை அவளிடமிருந்து எடுத்து வேறொரு பெண்ணிடம் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்குச் சுத்தமான தண்ணீரில் கழுவிக் கொடுத்தேன். முதல் தடவையே பலித்தது. மறுநாள் வளர்ப்புத் தட்டு நிறைய, பிழைத்த பாக்டீரியா வெள்ளைப் பொட்டுகளாக முளைத்திருந்தது. என் பிள்ளையை நான்தான் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். குறை எங்கே என்று அவளே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். அரைகுறை ஆசை மனுஷியை அரித்துத் தின்றுவிடும், கண்ணு. அவள் அந்தப் பெண்ணுக்காகக் கைதட்டினாள். பிறகு தன் இரண்டு கைகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்தக் கைகளால் அவள் எதையும் தொடுவதில்லை. நான்தான் ஊட்டுகிறேன், தலை வாருகிறேன், பொத்தான் போட்டுவிடுகிறேன். கதவு படாரென்று சாத்தினால் ஓடிவந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். சின்ன வயதிலும் அப்படித்தான்.

கூடத்துக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் கிடந்த பழைய சோதனைக் குழாய்களில் உப்பைக் கண்டுபிடித்துவிட்டுத்தானே வந்திருக்கிறாய்? நான் போட்டதுதான். ஒவ்வொரு தடவையும் நானேதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டு. அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே. தன் கையில் தப்பில்லை என்று தெரிந்தால் மறுபடியும் கிளம்பிவிடுவாள். பாவம், இப்போதுதான் ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

நீ நன்றாக இரு, கண்ணு. உன் வீட்டுப் பிள்ளைகளும் என் பிள்ளையைப் போலவே, எங்கேயும் போகாமல், உன் மடியிலேயே கிடக்கட்டும்.