அரவக்கோட்டையில் கற்ற தமிழ்

அவைக்குத் தலைமையேற்று, இந்தப் பண்ணைப்புரம் வாசகர் மன்றத்து விளக்கை அணையாமல் காத்துவரும் பெரியவர் மொக்கைச்சாமி அவர்களே! ஏலத்தோட்டத்து ஜீப்பை விட்டு இறங்கிய கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! திராட்சைக்கு மருந்தடித்த வாடை மாறாத சட்டையோடு ஓரத்தில் நிற்கும் உழவர் பெருமக்களே! மண்ணில் அமர்ந்திருக்கும் என் கண்ணின் மணிகளே! எல்லோரையும் அழைத்துவிட்டேன். வணக்கம் மட்டும் சொல்லவில்லை. மறந்துவிடவில்லை ஐயா. அதை ஒருவருக்காக எடுத்து வைத்திருக்கிறேன், முடிவில் சொல்வேன்.

என்ன தம்பி? உட்கார்ந்து பேசவா? வேண்டாம். இருபத்தேழு ஆண்டுகள் இந்த மேடையில் நின்று முழங்கியவன் இந்த முத்துராஜா. இன்றும் நின்றே பேசுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மேடையில், 'கைபேசி விளையாட்டு தலைமுறையின் கேடு' என்று ஒன்றரை மணிநேரம் பொழிந்தேன். கை தட்டினீர்கள். மாலை போட்டீர்கள். மறுமாதமே என் மூளையில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது. வலக்கை போயிற்று. சொல் போயிற்று. எத்தனை சொல்? அத்தனையும் போயிற்று! எஞ்சியது ஒரே ஓர் ஓசை. 'ம்'. பசித்தாலும் 'ம்'. வலித்தாலும் 'ம்'. கட்டிய மனைவி ராஜாத்தியைக் கூப்பிடவும் 'ம்'.

என்மேல் அன்பு கொண்டவர்கள் என்ன செய்தார்கள்? நான் வாயைத் திறக்குமுன் என் சொல்லை அவர்களே சொல்லி முடித்தார்கள். பார்க்க வந்தவர்கள், "எப்படிப் பேசின மனுசன், இப்படி ஆயிட்டாகளே!" என்று என் முகத்துக்கு நேரே அழுதார்கள். நான் அறையை விட்டு வெளியே வருவதை நிறுத்தினேன். செத்துத் தொலைந்திருக்கலாமே என்று நினைத்தேன். ஆம், நினைத்தேன்.

விரலுக்குப் பயிற்சி வேண்டும் என்றார் மருத்துவர். என் மகள் அபிதா என் கையில் கொண்டுவந்து கொடுத்தது எதை? சிரிக்காதீர்கள். 'அரவக்கோட்டை' என்ற கைபேசி விளையாட்டை! மூன்று பாகங்கள் கொண்டது. நெருப்பு உமிழும் நாகங்கள், இருண்ட கோட்டைகள், உயிர் மீட்கும் மாய நீர். நாமே வீரனாகி வெட்ட வெட்ட, நம் வலிமை ஏறும். முதல் பாகத்துக்கு விரல் போதும். மூன்று மாதம் வெட்டினேன், விரல் அசைந்தது. இரண்டாம் பாகத்தில் இருவர் சேர்ந்து போரிட வேண்டும். சேர்ந்து போரிட்டால் பேச வேண்டுமே!

எனக்குத் துணையாக வந்து சேர்ந்தது முகம் தெரியாத ஒரு பெண்குரல். "எந்த ஊருங்க?" என்றது. பண்ணைப்புரம் என்று சொல்லத் தவித்தேன். "ம்... ம்..." என்றேன். அதைக் கேரள எல்லை ஊரின் பெயர் என்று எடுத்துக்கொண்டாள். "குமுளியா?" "ம்." "அட, மலையாளத்துக்காரரா! தமிழ் தெரியாதா சேட்டா?"

எண்ணிப் பாருங்கள் பெரியோர்களே! தமிழை விற்று வயிறு வளர்த்தவனை, தமிழே தாய்வீடு என்று தம்பட்டம் அடித்தவனை, உனக்குத் தமிழ் தெரியாதா என்று கேட்டாள் ஒருத்தி. அதற்கு நான் என்ன சொன்னேன்? "ம்" என்றேன்.

அவள் பெயர் மாரீஸ்வரி. கம்பத்தில் திராட்சைப் பெட்டி கட்டும் வேலை. "நான் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனப்பதேன் மலையாளம் படிச்சேன் சேட்டா. தப்புத் தப்பாப் பேசுவேன். அங்கன ஒருத்தரும் சிரிக்கல. நானும் சிரிக்க மாட்டேன். உங்களுக்குத் தமிழ் சொல்லித் தாரேன்" என்றாள்.

சொல்லித் தந்தாள் ஐயா! வெட்டு என்றாள். ஓடு என்றாள். குனி என்றாள். வாள் என்றாள், வேல் என்றாள், மார்பை மறைத்துப் பிடிப்பார்களே, அந்த... அந்த... பொறுங்கள். சொல்லாதீர்கள். வாயை மூடு தம்பி, அது என்னுடைய சொல். வரும்... கேடயம்! கேடயம் என்றாள். கை தட்ட வேண்டாம். இப்போது கொஞ்சநேரம் பொறுத்தீர்களே, அதை அவள் நாள் தவறாமல் செய்தாள்.

ஒருநாள் எங்களை நாகம் வளைத்துக்கொண்டது. அவள் முதுகுக்குப் பின்னால் நெருப்பு வருவது எனக்கு மட்டும் தெரிகிறது. குனி என்று நான் சொல்ல வேண்டும். "கு... கு..." என்கிறேன். அவளோ, "மெதுவாச் சொல்லுங்க சேட்டா. நான் இங்கனதேன் நிக்கேன்" என்கிறாள். நின்றாள். நெருப்பு வந்தது. வெந்து விழுந்தாள். விளையாட்டில்தான், ஆனாலும் பல வாரம் பாடுபட்டுச் சேர்த்த வலிமையெல்லாம் போயிற்று. அவள் விழுந்த பிறகுதான் என் வாயிலிருந்து "குனி" வந்தது. கோபித்தாளா? "சொல்லிட்டீகளே சேட்டா!" என்று கூவினாள்.

மறுவாரம் மதியச் சோற்றின்போது, மாய நீருக்கு அவள் சொல்லித் தந்த சொல் தானாக வந்தது. "ராஜாத்தி, தண்ணி." செம்பைக் கொண்டுவந்தாள் என் மனைவி. குடித்து முடித்ததும், "இன்னொருக்காக் கேளுங்க" என்றாள். கேட்டேன், குடித்தேன். "இன்னொருக்கா" என்றாள். மூன்று செம்புத் தண்ணீர் குடித்தேன் ஐயா, அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

மூன்றாம் பாகம் வந்தது. சொல் தொடராயிற்று. இருட்டுக் கோட்டைக்குள் நடப்பவளுக்கு, இடப்பக்கம் படி, வலப்பக்கம் பள்ளம் என்று நான் வழி சொன்னேன். அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? சொல்லவில்லை. பேச்சாளர் முத்துராஜா என்று தெரிந்தால் இவளும் 'ஐயோ பாவம்' என்றுவிடுவாளோ என்று பயந்தேன். பதினொரு மாதம் குமுளிச் சேட்டனாகவே பொய் வாழ்ந்தேன். கடைசியாக அவள் ஒரு சொல் கற்றுக்கொடுத்தாள். "இத மட்டும் படிச்சிட்டா தமிழ்நாட்டுல எங்கன வேணாலும் போகலாம் சேட்டா" என்றாள். அதை நேரில் சொல்கிறேன் என்றேன்.

பெரியோர்களே! அன்று நான் பேசியதை முழுவதும் திரும்பப் பெறவில்லை. கண் கெடும் என்றேன், காலம் கெடும் என்றேன். இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால், அந்தக் கண்ணாடிக்குள்ளே ஒரு மனுஷி இருப்பாள், திக்கித் திணறும் ஒருவனுக்காக நெருப்பிலே நிற்பாள் என்று எனக்குத் தெரியவில்லையே! பெற்றோரும் உற்றோரும் தராத பொறுமையை, அயலான் என்று நம்பிய ஒருவனுக்கு அவள் தந்தாள். உங்கள் வீட்டில் யாரேனும் சொல்லுக்குத் தடுமாறினால், அழாதீர்கள், அவசரப்படாதீர்கள், அருகில் நில்லுங்கள். இதற்காகத்தான் மேடை ஏறினேன்.

மாரீஸ்வரி! 'பண்ணைப்புரத்துக்கு வா, உன் சேட்டன் நாலு வார்த்தை தமிழ் பேசுவான்' என்று அழைத்தவன் நான்தான். உன் முகம் எனக்குத் தெரியாது. வந்திருந்தால் எழுந்து நில்லம்மா.

யாரும் எழவில்லையே. கோபமா தாயி? நியாயம்தான். ஏமாற்றியவன் நான். என்னை மன்னித்துவிடு.

யார் அது? பின்னால், விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில்? சத்தம் போடாதீர்கள், கேட்கட்டும். என்னம்மா சொல்கிறாய்? "மெதுவாச் சொல்லுங்க சேட்டா. நான் இங்கனதேன் நிக்கேன்." கேட்டீர்களா? கேட்டீர்களா பெரியோர்களே?

தலைவருக்கு நன்றி. காத்திருந்து கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. மாரீஸ்வரி... வ... வ... இரும்மா, வருகிறது...

வணக்கம்.